பதினாறாம் நாளில் அம்மாவின் பொட்டை அழிக்காமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும்

அப்பா, அம்மா இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கும்போதே பேசிவிட வேண்டிய விஷயம் இது. பேச நா எழாது, தெரியும். "எதுக்கு இப்ப அபசகுனமா" என்று யாராவது வாயை அடைப்பார்கள். ஆனால் இழவு விழுந்த வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரமே இருக்காது. சாமியானா பந்தல்காரர் வந்து சேர்வதற்குள் உள்ளறையில் நாலு பெரியம்மாமார் கூடி, எந்தச் சடங்கை எப்போது செய்வது, யார் செய்வது என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சில் கணவரைப் பறிகொடுத்தவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

முதலில் கேட்க வேண்டியது அவரிடம்தான். வேறு யாராவது வீட்டுக் கேதத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கேட்பது சுலபம். நான் பஸ்ஸில் வைத்துக் கேட்டேன்: "நமக்குன்னு ஒண்ணு வந்தா உனக்கும் இதெல்லாம் செய்யணுமாம்மா?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சில நாள் கழித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "அந்த வளையல் உடைக்கிறது வேண்டாம்டி" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் விட்டு, "பொட்டும் இருக்கட்டும்." தாலியைத் தானே கழற்றி பீரோவில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். பின்னால் அப்படியேதான் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையால்.

உங்கள் அம்மாவின் பதில் வேறாக இருக்கலாம். எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், வெளிர் நிறச் சேலைதான் கட்டுவேன் என்றால் அதுவும் அவர் விருப்பம். நம் கொள்கைக்காக அவர் நெற்றியில் கட்டாயமாகப் பொட்டு வைக்க நமக்கும் உரிமை கிடையாது. ஆனால் அந்தப் பதிலைத் தனியாக இருக்கும்போது வாங்குங்கள். நாத்தனார், ஓரகத்தி முன்னால் கேட்டால் அவர்களுக்குப் பிடித்த பதில்தான் வரும்.

அடுத்தது அப்பா. அவர் வாயால், அவருடைய பங்காளிகள் முன்னால், ஒரு தடவை சொல்ல வைத்துவிடுங்கள். எங்கள் அப்பா ஒரு பொங்கல் மத்தியானம், சித்தப்பாமார் எல்லாம் சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் இருந்தபோது சொன்னார்: "நான் போனப்புறம் அவளை ஒண்ணும் செய்யக்கூடாது. பூவும் பொட்டும் அவ பொறந்ததுல இருந்து வச்சிக்கிட்டு வர்றது, நான் கொடுத்ததில்ல." அன்றைக்கு யாரும் அதற்குப் பதில் பேசவில்லை. பிறகு வேண்டியிருந்த நாளில் அந்தச் சொல்தான் எங்களுக்குத் துணை நின்றது. இறந்தவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தையைக் கேத வீட்டில் மீற யாருக்கும் துணிவு வராது. பிள்ளைகள் சொன்னால் "படிச்ச திமிரு" ஆகிவிடும் அதே விஷயம், அவர் சொன்னதாக இருந்தால் கடைசி ஆசை ஆகிவிடும்.

இனி, சடங்கு என்னவென்று தெரியாத இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் சொந்தத்தில் தாலி வாங்குவது, அதாவது தாலியைக் கழற்றுவது, பதினாறாம் நாள் கருமாதியன்று விடியலில். சில வீடுகளில் பத்தாம் நாள், சில வீடுகளில் சவத்தை எடுப்பதற்கு முன்பே. முதல் நாள் இரவு அவருக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பட்டுச்சேலை கட்டி, தலைகொள்ளாமல் பூ வைத்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் போட்டு உட்கார வைப்பார்கள். எல்லாம் சில மணி நேரத்தில் பிய்த்து எறிவதற்காக. இருட்டு விலகுவதற்குள் பூவை உருவி, வளையலை உடைத்து, பொட்டை அழித்து, தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போடுவார்கள். கணவர் உயிரோடு இருக்கும் பெண்கள் அதைப் பார்க்கக் கூடாது என்று ஒதுங்கிக்கொள்வார்கள். பிறகு பிறந்த வீட்டார் கொண்டுவந்த வெள்ளைச் சேலை.

என் சித்திக்கு அது நடந்தபோது அவருக்கு முப்பது வயதுகூடச் சரியாகத் தாண்டவில்லை. புது வளையல், சதைப்பிடிப்பான கை, உடையவில்லை. இரண்டு மணிக்கட்டையும் பிடித்து ஒன்றோடொன்று மோதினார்கள். ஒரு சில்லு தோலுக்குள் ஏறி, ரத்தம் பட்டுச்சேலையின் மடியில் சொட்டியது. "மெதுவா அத்தை, மெதுவா" என்று மட்டும்தான் சித்தி சொன்னார். மோதிய கைகள் அவருடைய சொந்த அத்தையின் கைகள். அந்த அத்தையும் கணவரை இழந்தவர். அவரும் அழுதுகொண்டேதான் செய்தார், ஆனால் நிறுத்தவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கேதம் விழுந்ததும் முதலில் போய்ப் பேச வேண்டியது ஊர்ப் பெரியவரிடமோ பூசாரியிடமோ அல்ல, அந்த அத்தையிடம். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். தாலி வாங்குவது அவர் பொறுப்பு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்களுக்குச் செஞ்சப்போ எப்படி இருந்தது" என்று கேளுங்கள். வாதாட வேண்டாம். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எங்கள் வீட்டு அத்தை வெகுநேரம் பேசினார். முடிவில், "நான் வரல. யாரும் கேட்டா எனக்கு முடியலன்னு சொல்லு" என்றார். அவர் வரவில்லை என்றால் அந்தச் சடங்கை எடுத்து நடத்த வேறு ஆள் துணிய மாட்டார்.

இரண்டாவது, அம்மாவின் அண்ணன் தம்பிகள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை அவர்கள் எடுத்து வருவது. அவர்கள் ஜவுளிக்கடைக்குக் கிளம்புவதற்கு முன் போன் செய்து, "வெள்ளை எடுக்க வேண்டாம் மாமா, அம்மா வழக்கமா கட்டுற மாதிரி எடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். கடையில் இருந்து திரும்பிய பிறகு சொன்னால் வீண் மனத்தாங்கல். என் மாமா பச்சைச் சுங்குடி எடுத்து வந்தார். சபையில் அதை விரித்துக் காட்டியபோது ஒரு முணுமுணுப்பு எழுந்து, மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தாய்மாமன் மரியாதையோடு கொண்டுவந்ததை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

மூன்றாவது, காரியம் செய்து வைக்கிறவர். அவரிடம் முதல் நாளே, வீட்டு மூத்த ஆண் ஒருவரை வைத்துச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவர் மறுக்க மாட்டார். அவருடைய வேலை பிண்டம், தர்ப்பணத்தோடு முடிந்துவிடுகிறது.

சடங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சும்மா விடாதீர்கள். விடியலில் எல்லோரும் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றால், யாராவது ஒருவர் "பூவையாவது எடுத்துருங்க" என்று ஆரம்பிப்பார். அன்று எங்கள் அம்மா குளித்து, சுங்குடியைக் கட்டி, எப்போதும் வைக்கும் அளவில் குங்குமம் வைத்துக்கொண்டு, அப்பாவின் படத்துக்கு முதல் விளக்கை ஏற்றினாள். பின்னால் தம்பிக்கு உருமா கட்டும்போது தலைப்பாகைத் துணியைத் தாம்பாளத்தில் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். சுற்றிலும் அழுகை இருந்தது. துக்கத்தைக் குறைப்பது நம் வேலை இல்லை, அது இருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் அவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எதிர்ப்பு வரும். "காலங்காலமா நடக்குறது" என்பார்கள். மதராஸ் மாகாணத்தில் உடன்கட்டையைத் தடை செய்தது 1830-இல், அதற்கு முந்தைய ஆண்டு வங்காளத்தில். விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856-இல். பிராமண வீடுகளில் கணவனை இழந்த பெண்ணுக்குத் தலையை மழித்து நார்மடிச் சேலை கட்டும் வழக்கத்தை நம் பாட்டிமார் கண்ணால் கண்டிருக்கிறார்கள். இன்று அது எங்கே? சிறு வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்திப் படிக்க வைத்தபோது எவ்வளவு ஏச்சு கேட்டிருப்பார். அவையெல்லாமும் காலங்காலமாக நடந்தவைதான். மனைவியை இழந்த ஆண் ஒரு மோதிரத்தைக்கூடக் கழற்றுவதில்லை என்பதையும் கோபமில்லாமல் கேளுங்கள். அதற்கு யாரிடமும் பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

"குடும்பத்துக்கு ஆகாது" என்பவரிடம் வாதம் எடுபடாது. "ஆகாட்டி அந்தப் பழி என்னோட இருக்கட்டும்" என்று வீட்டுப் பிள்ளை ஒருவர் ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கோயில் விஷயத்தில் மட்டும் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஈரோடு மாவட்டத்தில் பூசாரியாக இருந்த கணவரை இழந்த ஒரு பெண்ணைத் திருவிழாவுக்கு வரக்கூடாது என்று தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று சொல்லி, போலீஸ் பாதுகாப்புக்கும் உத்தரவிட்டது.

இப்போது பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு விஷயம். துக்கம் காக்கிறோம் என்று அவரை மூலையில் உட்கார வைத்திருக்கும் நாட்களில்தான் காகித வேலைகள் எல்லாம் நடக்கின்றன. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கருமாதி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் மிச்சம் இருப்பது ஐந்தே நாள். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, பேங்க், குடும்ப ஓய்வூதியம், எல்.ஐ.சி. எல்லாவற்றுக்கும் கொழுந்தன்மார் அலைவார்கள். நீட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். எதில் போட்டோம் என்று பல பெண்களுக்கு வருஷக்கணக்கில் தெரிவதில்லை. வெளியே வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் யாருக்கு லாபம் என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பதினாறு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். சான்றிதழ்களின் நகலை அவர் பெயர் எழுதிய தனிக் கோப்பில் போட்டு அவரிடமே கொடுங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்தால் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் உள்ள அதே அளவு பங்கு மனைவிக்கும் உண்டு. பால் சொம்பில் போடும் அந்தத் தாலிப் பொன்னும் அவருடைய சொத்து. அதை உருக்கிப் பேத்திக்குத் தோடு செய்யலாமா என்று அவரைத் தவிர யாரும் முடிவு செய்யக் கூடாது. வேறு ஆதரவு இல்லாதவராக இருந்தால் அரசின் மாத உதவித்தொகைக்கு எழுதிப்போடுங்கள். 2023-இல் அதை 1,200 ரூபாய் ஆக்கினார்கள்.

ஊர் அளவில் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம், 2022 மே மாதம் கிராம சபையில் தீர்மானம் போட்டு வளையல் உடைப்பது, பொட்டு அழிப்பது, தாலி அறுப்பது எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்த மாதமே மாநில அரசு மற்ற ஊராட்சிகளையும் அதே வழியில் போகச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. நம் ஊரிலும் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடத்தான் செய்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய் எழுதிக் கொடுங்கள். தீர்மானம் வந்தால் எல்லாரும் கேட்டுவிட மாட்டார்கள்தான். ஆனால் தனியாக எதிர்த்து நிற்கப் பயப்படும் வீட்டுக்கு, "ஊர்ல முடிவு பண்ணியிருக்கு" என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடிமானம் கிடைக்கும்.

கருமாதியை இப்படி நடத்திவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் அடுத்த வளைகாப்பு வரும், கல்யாணம் வரும். அழைப்பிதழில் பெயர் இருக்கும், மணவறைக்கு வரச் சொல்ல மாட்டார்கள். பெற்ற மகளைத் தாரை வார்க்கச் சித்தப்பாவும் சித்தியும் மேடையில் நிற்க, தாய் சமையல்கட்டுப் பக்கம் தூணோரம் நின்று பார்ப்பதை எத்தனை மண்டபத்தில் பார்த்துவிட்டோம்! யாரும் அவரைப் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரே ஒதுங்கிக்கொள்வார், அதுதான் இன்னும் கொடுமை. "வாங்கம்மா" என்று மேடையில் இருந்து கூப்பிட்டால் வர மாட்டார், கூச்சத்தில் இன்னும் உள்ளே போய்விடுவார். அதனால் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். சம்பந்தி வீட்டில் நிச்சயதார்த்தத்தின்போதே சொல்லிவிடுங்கள். ஐயரிடம், மேடையில் எந்தெந்த இடத்தில் அம்மா நிற்பார் என்று எழுதிக் கொடுங்கள். தாலித் தட்டை அட்சதையோடு சபைக்குள் கொண்டுபோய் ஆசி வாங்கும் பெண்ணிடம், முதலில் அம்மாவிடம் நீட்டச் சொல்லுங்கள். வளைகாப்பு என்றால் முதல் வளையலை அவர் போடட்டும். அன்று காலையில் அவருக்குப் பூ வாங்கிக் கொடுக்க ஒரு ஆளை நியமித்துவிடுங்கள். கல்யாண அவசரத்தில் அதுதான் மறந்துபோகும்.