முதல் மின்சார விமானத்துக்கு எந்த மோட்டார், எந்த பேட்டரி?

ரிமோட்டில் பறக்கவிடும் உங்கள் முதல் மாதிரி விமானத்தை ஃபோம் போர்டில் (காகிதம் ஒட்டிய நுரைத் தாள்) செய்யுங்கள். 5 மில்லிமீட்டர் தாள், ஹாட் க்ளூ, இறக்கைக்குள் ஒரு கார்பன் குழாய் போதும். ஒடிந்தால் அன்றைக்கே ஒட்டிப் பறக்கவிடலாம் என்பதால், பால்சா மரத்தைவிட இதையே நான் சொல்வேன்.

மின்சாரப் பகுதியில்தான் நிதானம் வேண்டும். பேட்டரியோடு எடை 900 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கற்றுக்கொள்ளும் விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் இருந்தால் நல்லது. 2212 அளவு, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) மோட்டாரில் 10 அங்குல புரொப்பல்லர் மாட்டி, மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) கொடுத்தால் முழு வேகத்தில் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். அதை மூன்று செல்லின் சுமார் 11 வோல்ட்டால் பெருக்கினால் 165 வாட். 900 கிராமுக்கு வேண்டியது 135 முதல் 180 வாட். சரி, கணக்கு பொருந்துகிறது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி மட்டும் 30 ஆம்பியராக வாங்குங்கள். மூடிய உடலுக்குள் அது சூடேறும்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதற்கும் ஈஎஸ்சிக்கும் இடையிலுள்ள மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கள். இந்தச் சோதனை முழுக்க புரொப்பல்லரைக் கழற்றியே வையுங்கள். விரலை வெட்டிவிடும், இதில் எனக்குச் சமரசமே இல்லை.

அப்புறம் எடைச் சமநிலை. இறக்கையின் அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 20 சென்டிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி விரல்களால் தாங்கிப் பாருங்கள். மூக்கு லேசாகத் தாழலாம், வால் தாழக் கூடாது. பேட்டரியை முன்பின் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

2200 எம்ஏஹெச் (2.2 ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள லிப்போவை 2.2 ஆம்பியரில், பக்கத்திலேயே இருந்து சார்ஜ் செய்யுங்கள். பறக்காத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள்.