மாடி அறை பாத்ரூமில் டைலுக்கு அடியில் சிமென்ட் போர்டு: எதை வாங்குவது, எப்படி அடிப்பது

செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் இருக்கும் இடத்தில் டைலுக்கு அடியில் போர்டு தேவையில்லை. நல்ல சிமென்ட் பூச்சு போதும். மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் நிறுத்தி அறை எழுப்பும்போதும், பெரிய அறையை ஜிஐ ஸ்டட் (துத்தநாகம் பூசிய தகட்டாலான செங்குத்துச் சட்டம்) வைத்துத் தடுத்துப் புதிதாக ஒரு பாத்ரூம் எடுக்கும்போதும்தான் போர்டு வேண்டியிருக்கிறது. பழைய தளம் செங்கல் சுவரின் பாரத்தைத் தாங்காது என்பதால் எடை குறைந்த சுவருக்குப் போகிறோம். அந்தச் சுவரில் டைல் நிற்குமா என்பது அடியில் அடிக்கிற போர்டைப் பொறுத்தது.

வாங்கப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிமென்ட் போர்டு நனைந்தால் கெட்டுப்போகாது. ஆனால் தண்ணீரைத் தடுக்காது. ஒரு வெட்டுத் துண்டின் மேல் சிலிக்கானால் வட்டமாக வரப்பு கட்டி, அதில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் விட்டுப் பாருங்கள். காலையில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும், போர்டு ஈரம் குடித்து நிறம் கறுத்திருக்கும். முழுப் பலகையே இப்படிக் குடிக்கிறது என்றால் ஸ்க்ரூ துளையையும் இரண்டு போர்டு சேரும் இடைவெளியையும் சொல்லவே வேண்டாம். அதேபோல் ஆடுகிற சட்டத்தைப் போர்டு உறுதியாக்கிவிடாது. தண்ணீரைத் தடுப்பது அதன் மேல் பூசும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கின் வேலை. ஆடாமல் நிறுத்துவது சட்டத்தின் வேலை. போர்டு தருவது டைல் பசை பிடித்துக்கொள்ள அசையாத, அழுகாத ஒரு முகம் மட்டும்தான்.

எந்தப் போர்டு

கடையில் வெறுமனே "சிமென்ட் போர்டு" என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். ஃபைபர் சிமென்ட் போர்டுதான் நமக்கு வேண்டியது. சிமென்டும் செல்லுலோஸ் நாரும் சேர்த்து அழுத்தி நீராவியில் பதப்படுத்தியது. இதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 14862. அதில் ஏ வகை வெயில் மழை படும் இடத்துக்கு, பி வகை உள்ளே மட்டும். பாத்ரூமுக்கு ஏ வகையே வாங்குங்கள். 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று போர்டிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த தட்டைத் தகடும் நம் ஊரில் விற்பனையில் இருக்கிறது, வெட்டும்போது அதன் தூசி நுரையீரலுக்குப் போகும்.

இரண்டாவது, மரச்செதில் கலந்த சிமென்ட் போர்டு. கனமானது, கெட்டியானது. ஈரத்துக்கு ஏற்ப ஃபைபர் சிமென்டை விட அதிகமாக விரிந்து சுருங்கும். உலர்ந்த அறையின் தளத்துக்கு அடியில் போடலாம், குளிக்கும் இடத்துச் சுவருக்கு வேண்டாம். மூன்றாவது, வெள்ளை நிறத்தில் வரும் மெக்னீசியம் ஆக்சைடு போர்டு. எடை குறைவு, வெட்ட எளிது. ஆனால் குளோரைடு உப்பு உள்ள ரகங்கள் ஈரக் காற்றில் உப்புநீரைக் கசியவிடும். டென்மார்க்கில் கட்டடங்களின் வெளிச்சுவரில் இதை அடித்து, கசிந்த உப்பில் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துப் பெரும் சேதம் ஆனது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் காற்றில் அந்தச் சோதனை தேவையில்லை.

ஜிப்சம் போர்டு பச்சைத் தாள் ஒட்டியதாக இருந்தாலும் ஷவர் பக்கம் வரக்கூடாது. ஈரத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும் என்பதுதான் பச்சை நிறத்துக்கு அர்த்தம். உள்ளே இருப்பது அதே ஜிப்சம், நனைந்தால் மாவாகும். ப்ளைவுட்டின் மேல் நேரடியாக டைல் ஒட்டுவதும் அப்படித்தான். மரைன் ப்ளை பிரிந்து வராது, ஆனாலும் ஊறும், சுருங்கும். டைல் அதற்கு ஈடுகொடுக்காது.

கனத்தைப் பொறுத்தவரை சுவருக்கு 8 மிமீ குறைந்தபட்சம், 600 × 300 மிமீக்கு மேற்பட்ட டைல் என்றால் 10 அல்லது 12 மிமீ. தளத்துக்கு இரும்புச் சட்டத்தின் மேல் நேராக 18 மிமீ. 8 × 4 அடி ஷீட் 8 மிமீ கனத்தில் ஏறக்குறைய 32 கிலோ இருக்கும், 18 மிமீ 70 கிலோவைத் தாண்டும். படியில் இரண்டு பேர் தூக்கும்போது செங்குத்தாகப் பிடித்தே தூக்க வேண்டும். படுக்கப் பிடித்தால் நடுவில் கீறல் விழும், அது டைல் ஒட்டிய பிறகுதான் தெரியவரும்.

முதலில் சட்டம்

ஜிப்சம் பார்ட்டிஷன் அடிப்பவர்கள் ஸ்டட்டை 2 அடிக்கு ஒன்று நிறுத்துவார்கள். டைல் சுவருக்கு அது போதாது. நடுவுக்கு நடு 406 மிமீ வையுங்கள். 1,220 மிமீ அகல ஷீட்டை மூன்றாகப் பிரித்தால் வரும் கணக்கு அது. அப்போதுதான் ஷீட்டின் இரண்டு ஓரமும் சரியாக ஸ்டட்டின் நடுவில் வந்து உட்காரும். அந்தரத்தில் முடியும் ஓரம் எங்கே இருக்கிறதோ, பின்னால் விரிசல் அங்கேதான் வரும். வாஷ்பேசின், கீசர், டவல் ராடு வரும் இடங்களில் போர்டு அடிப்பதற்கு முன்பே குறுக்குக் கட்டை அல்லது பாக்ஸ் பைப் வைத்துவிடுங்கள். எடையைப் போர்டு தாங்காது.

தளத்துக்குப் பிடிப்பான கணக்கு ஒன்று உண்டு: உத்திரத்தின் நீளத்தை 360ஆல் வகுத்து வரும் அளவுக்கு மேல் அது வளையக்கூடாது. 2.1 மீட்டர் நீளம் என்றால் 5.8 மிமீ. கிரானைட், மார்பிள் பதிப்பதாக இருந்தால் 720ஆல் வகுக்க வேண்டும், பாதி அளவுதான் அனுமதி. சட்டம் அடித்து முடித்ததும் நூல் கட்டி, 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி நடுவில் வைத்து, நூலுக்கும் பைப்புக்கும் இடைவெளி எவ்வளவு கூடியது என்று அளந்து பாருங்கள். 3 மிமீக்கு மேல் இறங்கினால் நடுவில் இன்னொரு பைப் ஓட்டுவது நல்லது. இப்போது செலவு ஒரு பைப்தான்.

வாட்டத்தையும் சட்டத்திலேயே கொடுத்துவிட வேண்டும். நானி டிராப் (தளத்தில் தண்ணீர் இறங்கும் வடிகால் வாய்) பக்கம் அடிக்குக் கால் அங்குலம் இறக்கம், அதாவது 5 அடிக்கு 1¼ அங்குலம். போர்டு அடித்த பிறகு மேலே சாந்து போட்டு வாட்டம் எடுப்பது தேவையில்லாத பாரம். அது போர்டை ஊறவும் வைக்கும்.

வெட்டுவதும் அடிப்பதும்

8 மிமீ வரை கார்பைடு முனைக் கத்தியால் மூலைமட்டம் வைத்து மூன்று நான்கு முறை ஆழமாகக் கீறி மடக்கினால் உடையும். அதற்கு மேல் டயமண்ட் பிளேடு போட்ட கிரைண்டர்தான். கிரைண்டரால் வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வெட்டும் வேலையை வெளியே, காற்று நம்மைத் தாண்டிப் போகும் பக்கமாக நின்று, என்95 முகமூடி போட்டுச் செய்யுங்கள்; பிளேடின் மேல் ஒருவர் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அப்போது மெஷினின் மின் இணைப்பு ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வர வேண்டும். துண்டு கட்டிக்கொண்டு வெட்டுவது பாதுகாப்பே இல்லை. சிலிகோசிஸ் வந்துவிட்டால் குணமாகாது, வேலைக்கு வருபவர் வாங்காவிட்டாலும் நீங்கள் முகமூடி வாங்கிக் கொடுங்கள்.

ஸ்க்ரூ விஷயத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூ கையில் இருக்கும், அதையே ஏற்றிவிடுவார்கள். ஈரத்தில் அது ஓரிரு மழைக்காலத்துக்குள் துருப்பிடிக்கும், டைல் இடுக்கில் பழுப்புக் கறை தெரிய ஆரம்பிக்கும். தலைக்கு அடியில் வரிகள் உள்ள, துருப்பிடிக்காத பூச்சு கொண்ட ஃபைபர் சிமென்ட் ஸ்க்ரூ அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். 8 மிமீ சுவருக்கு 25 மிமீ நீளம். 18 மிமீ தளத்துக்கு, பாக்ஸ் பைப்பைத் தானே துளைத்துப் போகும் 45 மிமீ சிறகு ஸ்க்ரூ. சிறகு போர்டில் துளையைப் பெரிதாக்கி, இரும்பில் பட்டதும் உடைந்துவிடும்.

ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ 200 மிமீ. ஓரத்திலிருந்து 12 முதல் 15 மிமீ உள்ளே, மூலையிலிருந்து 50 மிமீ தள்ளி. ஷீட்டின் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். தலை போர்டின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள்: தட்டுப்பட்டால் இன்னும் கால் திருகு. குழிந்து போய், சுற்றிலும் மாவு போல் உதிர்ந்திருந்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு 50 மிமீ தள்ளி வேறொன்று போடுங்கள்.

இரண்டு ஷீட்டுக்கு நடுவில் 3 மிமீ இடைவெளி. சுவர் போர்டின் அடி விளிம்பு தளத்தைத் தொடாமல் 10 மிமீ மேலே நிற்கட்டும். தொட்டால் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலத் தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். தளப் போர்டுக்கும் சுவருக்கும் நடுவில் 6 மிமீ. நான்கு ஷீட் மூலைகள் ஒரே புள்ளியில் சேராதபடி, செங்கல் கட்டு மாதிரி மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். தளத்தில் ஷீட்டின் நான்கு ஓரத்துக்கும் கீழே பைப் இருக்க வேண்டும்.

பழைய மரத்தளம், அல்லது சட்டத்தின் மேல் 19 மிமீ மரைன் ப்ளை போட்ட தளம் என்றால் 18 மிமீ வேண்டாம், 6 அல்லது 8 மிமீ போதும். ஆனால் ப்ளைமேல் நேரே வைத்து அடிக்காதீர்கள். 6 மிமீ பல் கரணையால் டைல் பசை இழுத்து, ஈரம் காய்வதற்குள் போர்டை வைத்து ஸ்க்ரூ போடுங்கள். இந்தப் பசை ஒட்டுவதற்காக அல்ல, அடியில் காற்று நிற்காமல் இடுக்கை நிரப்புவதற்காக. இதை விட்ட தளத்தில் நடந்தால் கிரீச்சென்று சத்தம் கேட்கும், பிறகு டைல் இடுக்கில் நிரப்பிய க்ரவுட் உதிரும்.

இணைப்பும் கோட்டிங்கும்

3 மிமீ இடுக்குகளில் டைல் பசையை அழுத்தி நிரப்பி, 50 மிமீ அகல மெஷ் டேப்பைப் பதித்து, அதன் மேல் மெல்லியதாக இழுத்துவிடுங்கள். டேப் காரம் தாங்கும் கண்ணாடி நாராக இருக்க வேண்டும். ஜிப்சம் வேலைக்கு வரும் சாதா மெஷ்ஷைச் சிமென்டின் காரம் சில ஆண்டுகளில் அரித்துவிடும். சுவர்ப் புட்டியும் ஜிப்சம் ஜாயின்ட் பவுடரும் இங்கே கூடவே கூடாது.

பிறகு தூசியை ஈரத் துணியால் துடைத்து, பிரைமர் அடித்து, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை. முதல் கை குறுக்கே, காய்ந்ததும் இரண்டாவது கை நெடுக்கே. சுவர் மூலை, சுவர் தளத்தைச் சந்திக்கும் இடம், பைப் வெளிவரும் துளை, நானி டிராப் ஓரம் ஆகியவற்றில் முதல் கைக்குள் துணிப்பட்டையைப் பதிக்க வேண்டும். கசிவு தொடங்கும் இடம் எப்போதும் இவைதான், சமதளமான நடுப்பகுதி அல்ல. கோட்டிங் காய்ந்ததும் நானி டிராப்பை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

டைல் ஒட்டும்போது

சிமென்ட் சாந்து, சிமென்ட் பால் எதுவும் போர்டில் நிற்காது. ஐஎஸ் 15477 முத்திரையும், சிமென்ட் போர்டுக்கு ஏற்றது என்ற குறிப்பும், எஸ்1 என்ற குறியும் உள்ள டைல் பசை வாங்குங்கள். எஸ்1 என்றால் காய்ந்த பின்னும் சற்று வளைந்து கொடுக்கும். வெயில் ஏறும் மாடி அறையில் 3 மீட்டர் இரும்புச் சட்டம் 30 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 1 மிமீ நீளும். பசை அதைத் தாங்கியாக வேண்டும். கோட்டிங் இருக்கும் இடத்தில் அதன்மேல் இந்தப் பசை பிடிக்குமா என்று கோட்டிங் டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைலின் பின்னால் ஐந்து உருண்டை வைத்து அழுத்தும் வழக்கம் போர்டில் வேண்டாம். உருண்டைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கும், ஒரு பொருள் விழுந்தாலே டைல் உடையும். பல் கரணையால் ஒரே திசையில் வரி இழுத்து, டைலை வரிக்குக் குறுக்கே லேசாக ஆட்டி அழுத்துங்கள். ஐந்தாறு டைலுக்கு ஒருமுறை ஒன்றைப் பெயர்த்துப் பின்பக்கம் பாருங்கள். பாத்ரூமில் 95 சதவீதம் பசை ஒட்டியிருக்க வேண்டும். வரிகள் அப்படியே நிற்கின்றன, டைலின் பின்புறம் சுத்தமாக இருக்கிறது என்றால் பசை மேலாகக் காய்ந்துவிட்டது. சித்திரை வெயிலில் பத்து நிமிடத்துக்குள்ளேயே அப்படி ஆகும். சிறிய பரப்பாக இழுத்துக்கொள்ள வேண்டும்.

டைலுக்கு டைல் 2 முதல் 3 மிமீ இடைவெளி விடுங்கள், ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். சுவர் சுவரைச் சந்திக்கும் மூலையிலும் சுவர் தளத்தைச் சந்திக்கும் கோட்டிலும் க்ரவுட் போடாமல் சிலிக்கான் விடுங்கள்.

எவ்வளவு வாங்க வேண்டும்

5 × 7 அடி பாத்ரூம், டைல் 7 அடி உயரம், 2½ அடிக் கதவு என்று வைத்துக்கொண்டால் சுவர்ப் பரப்பு 150 சதுர அடி. சேதாரம் சேர்த்து 8 மிமீ ஷீட் 6. தளம் 35 சதுர அடி, ஒரு ஷீட் 32தான், ஆகவே 18 மிமீ 2. சுவர் ஸ்க்ரூ 400, தள ஸ்க்ரூ 120. மெஷ் டேப் 45 மீட்டர் சுருள் ஒன்று. 20 கிலோ பசை மூட்டை 3 மிமீ கனத்தில் 50 சதுர அடி வரும். இடுக்கு நிரப்புவதையும் சேர்த்து 5 மூட்டை. போர்டு, பசை, டைல் எல்லாம் சேர்ந்து சுவர் மட்டும் 450 கிலோ அளவுக்கு ஏறும். அந்த எடை பழைய தளத்தின் எந்த உத்திரத்தின் மேல் இறங்குகிறது என்று பொறியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வேலை முடிந்து சில மாதத்தில் டைலின் மேல் நேர்கோடாக விரிசல் ஓடினால் அது ஷீட் இணைப்பு இருக்கும் இடம்: டேப் இல்லை, அல்லது கீழே பைப் இல்லை. நாணயத்தால் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம் வந்தால் பசை பரவவில்லை. அடி வரிசை க்ரவுட் மட்டும் எப்போதும் கறுத்தே இருந்தால் போர்டின் அடி விளிம்பு தண்ணீரில் நிற்கிறது. அதற்கு மேலே எத்தனை முறை க்ரவுட் பூசினாலும் தீராது, அடி வரிசை டைலைப் பெயர்த்து விளிம்பை 10 மிமீ வெட்டி, கோட்டிங்கை மறுபடி தளத்தோடு சேர்க்க வேண்டும்.