பெரிய பகா எண்களைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகா எண் தேட நிரல் எழுத வருகிற மாணவர்கள் வருஷா வருஷம் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள், நானும் அந்த வயதில் சறுக்கிய இடங்கள்தான். 1 பகா எண்ணா என்பது போன்றவை பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன, விட்டுவிடுகிறேன்.

யூக்ளிட் போல பெருக்கி ஒன்றைக் கூட்டுவது

முதல் சில பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவதும் பகா எண்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். 2×3×5×7×11×13+1 = 30031. அது 59×509.

மெர்சென் எண்ணை 2-ஐ வைத்தே சோதிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். 2-இன் அடுக்கு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது மெர்சென் எண். ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை எடுத்து, அதைவிட ஒன்று குறைவான எண்ணை 2-க்கு அடுக்காகப் போட்டு, வந்ததை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். இந்த மீதியைப் பார்ப்பதுதான் ஃபெர்மா சோதனை. சரி, ஆனால் மீதி 1 வந்தாலே பகா எண் என்று அது சொல்லவில்லை. ஒரு பையன் ராத்திரி முழுக்கக் கணினியில் இந்தச் சோதனையை ஓடவிட்டு, அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகா எண்தான் என்று பெரிய பட்டியலோடு வந்து நின்றான், 2⁶⁷−1 உட்பட. அது பகு எண் என்று கணித அறிஞர் லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார், 1903-ல் கோல் அதன் காரணிகளையும் சொல்லிவிட்டார்: 193707721 × 761838257287.

ஏன் இப்படி? 2¹¹−1, அதாவது 2047-ஐப் பாருங்கள். 2¹¹ என்பது 2048, அதை 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046 = 11×186, ஆகவே 2²⁰⁴⁶-க்கும் மீதி 1 வந்தே தீரும், 2047 = 23×89 ஆக இருந்தாலும். அடுக்கு எந்தப் பகா எண்ணாக இருந்தாலும் இதே கதைதான், அதனால் இந்தச் சோதனை ஒரு மெர்சென் எண்ணைக்கூட வடிகட்டாது. 2-க்குப் பதில் 3 போட்டால் 2047 உடனே மாட்டிக்கொள்ளும். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 (4,10,24,320 இலக்கங்கள்) கூட முதலில் 3-ஐ வைத்த சோதனையில்தான் தென்பட்டது, அப்புறம்தான் லூக்கா–லெமர் சோதனையில் உறுதியானது.

அந்தச் சோதனையைக் கையாலேயே போடலாம். 4-ல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து மீதி எடுத்துக்கொண்டே போக வேண்டும், அடுக்கைவிட இரண்டு தடவை குறைவாக. 2⁵−1 = 31-க்கு 4, 14, 8, 0 என்று வரும். பூஜ்யத்தில் முடிந்தால் பகா எண். 2047-க்குக் கடைசியில் 1736 நிற்கும்.

மற்ற எண்களுக்கு ஃபெர்மா சோதனையே போதும் என்பது

561 = 3×11×17, தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் தப்பிவிடும். இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையைப் போடுங்கள். 64 பிட்டுக்குள் அடங்கும் எண் என்றால் 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை வைத்துச் சோதித்தாலே முடிவு உறுதி.

பெருக்கலில் இடம் போதாமல் போவது

64 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க 128 பிட் வேண்டும். பாதி இலக்கம் காணாமல் போன பின் மீதி எடுத்து என்ன பயன்?

ஒரே கணினியை நம்புவது

பெரிய எண்ணில் பல லட்சம் வர்க்கங்களுக்கு நடுவே ஒரு பிட் புரண்டாலும் விடை தப்பு. வேறு கணினியில், வேறு நிரலில் மறுபடி ஓட்டுங்கள்.