மலை ரோட்டில் பஸ்சும் சைக்கிளும்

இலங்கை மலையகத்தில், றம்பொடை வளைவுகளிலோ ஹட்டன் ரோட்டிலோ பஸ், லொறி ஓட்டுபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: மேட்டில் ஏறும் சைக்கிள் நேர்கோட்டில் போகாது. மிதிக்க மிதிக்க இரண்டு பக்கமும் ஆடும், அதனால் ஒன்றரை மீற்றராவது இடம் விட்டு முந்துங்கள், இடமில்லையென்றால் வளைவு தாண்டும்வரை பின்னாலேயே வாருங்கள், அரை நிமிடத்தில் குடி ஒன்றும் முழுகிப் போகாது. காதுக்குப் பக்கத்தில் வந்து ஹோர்ன் அடிக்காதீர்கள். தூரத்திலேயே ஒரு தரம் போதும்.

சைக்கிள்காரர்களுக்கு இறக்கம்தான் ஆபத்து. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போனபின் இறுக்கிப் பிடித்தால், அதுவும் மழை நேரம், முன்சில்லு வழுக்கிவிடும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் ஈரத்தில் உடனே பிடிக்காது, நீண்ட இறக்கத்தில் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறும், அதனால் விட்டுவிட்டுப் பிடியுங்கள். ரோட்டோரத் தண்ணீர்க் கானை ஒட்டிப் போகாதீர்கள், சரளையும் சேறும் அங்கேதான். அப்புறம், பஸ் இடப்பக்கம் திரும்பும்போது அதன் உள்பக்கம் புகவே வேண்டாம், பின்சில்லு வெட்டிக்கொண்டு உள்ளே வரும்.

பனி மூடினால் பகலிலும் லைட் போடுங்கள், சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு. வாகனத்தில் டிம் மட்டும். பிரைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.