தட்டை அடியா, வி அடியா? அலுமினியப் படகு எடுக்கும் முன்

கண்மாயில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை எடுத்த கையோடு அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, பழைய அலுமினியப் படகு ரெண்டு வந்திருக்கு. ஒன்னு தட்டை அடி, இன்னொன்னு வி அடி. விலை ஒன்னுதான், எதை எடுக்க?" வி அடி என்றால் படகின் அடிப்பாகம் ஆங்கில V எழுத்து மாதிரி நடுவில் கூர்ந்திருப்பது. அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் படகைப் பார்க்கப் போகாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். ஒரு மூங்கில் கம்பில் அடிக்கணக்குக் குறித்துக்கொண்டு கண்மாய்க்குள் பத்து இடத்தில் ஊன்றுங்கள். மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் மடையை ஒட்டித்தான் ஆழம், தண்ணீர் வரும் பக்கம் போகப் போக முழங்கால் அளவுதான், அதுவும் கார்த்திகையில் நிரம்பியது மாசி பங்குனியில் வற்றிக்கொண்டே வரும், ஆகவே அந்த மாதக் கணக்கை மனதில் வைத்து அளக்க வேண்டும்.

அடுத்து, படகைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்க அடியில் நேரான சட்டம் ஒன்றைக் குறுக்கே வையுங்கள். ஒட்டிப் படிந்தால் தட்டை. நடுவில் முட்டி இரண்டு பக்கமும் ஆடினால் வி. சில படகு மூக்கில் மட்டும் கூர்மையாக இருக்கும், பின்னால் தட்டை. அதை வி என்று சொல்லி விற்பார்கள்.

இப்போது எடைக் கணக்கு. ஒரு கன அடி தண்ணீர் சுமார் 28 கிலோ. அடிப்பரப்பு 10 அடிக்கு 4 அடி என்றால் தட்டைப் படகு ஒரு அங்குலம் அமுங்கவே 90 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டும். படகு, இரண்டு ஆள், வலை, மீன் எல்லாம் சேர்த்து 280 கிலோ என்று வைத்தாலும் மூன்று அங்குலம்தான். வி அடி அதே எடைக்கு இன்னும் ஆழமாக இறங்கும், சேற்றில் தட்டும். ஓரத்தில் நின்று வலை இழுத்தால் சட்டென்று சாயவும் செய்யும், நான் ஒருமுறை கெண்டையோடு சேர்ந்து உள்ளே போயிருக்கிறேன்.

அப்போ வி எதற்கு? வைகை அணை மாதிரி விரிந்த தண்ணீருக்கு. ஆடிக் காற்றில் அங்கே அலை எழும்பும்போது தட்டை அடி பொத்துப் பொத்தென்று அறையும், முதுகு போய்விடும். வி அலையைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் மோட்டார் கொஞ்சம் பெரிதாக வேண்டும்.

காசு கொடுக்கும் முன் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: படகை இரண்டு கட்டை மேல் ஏற்றி உள்ளே ஐந்தாறு குடம் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தளர்ந்திருந்தால் வெளியே முத்து முத்தாக வியர்க்கும். இரண்டு மூன்று என்றால் அடைத்துக்கொள்ளலாம், வரிசையாக ஒழுகினால் வேண்டாம்.

மாப்ள தட்டையை எடுத்தான். முதல் வாரமே தண்ணீருக்குள் கிடந்த கருவேல மரத் தூரில் ஏற்றி நெளித்துவிட்டு, "மாமா, தகடு லேசா இருக்கு" என்கிறான். கம்பு ஊன்றும்போதே தூர் கிடக்கும் இடத்தில் கொடி நட்டு வைக்கச் சொல்லியிருந்தேன்.