அரை சதவீதக் கிளையும் 11 சதவீத லாபமும்: வங்கி மேற்பார்வையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறுப்புப் பணம் வங்கிக்குள் புகுந்து வெள்ளையாக வெளியே வருவதைத் தடுக்க, எல்லா நிதி நிறுவனங்களையும் ஒரே மாதிரி சோதிக்காமல், ஆபத்து அதிகமுள்ள இடத்தில் ஆய்வாளர்களைக் குவிக்கச் சொல்கிறது, கறுப்புப் பணப் புழக்கத்துக்கு எதிராக உலக நாடுகளுக்கு நெறிமுறை வகுக்கும் எஃப்ஏடிஎஃப் அமைப்பு. அந்த ஆபத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் மேற்பார்வையாளர்கள் கோட்டை விடுகிறார்கள்.

அளவில் சிறியது என்றால் ஆபத்தும் சிறியது என்று நினைப்பது முதல் கோளாறு. டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கி 2007இல் ஃபின்லாந்தின் சாம்போ வங்கியை வாங்கியபோது, அதன் எஸ்டோனியத் தொழிலும் கூடவே வந்தது. மறு ஆண்டே அது கிளையாக மாறியது. டான்ஸ்கேயின் மொத்தச் சொத்தில் அந்தக் கிளை அரை சதவீதம்தான். ஆனால் 2011இல் வரிக்கு முந்தைய லாபத்தில் அதன் பங்கு 11 சதவீதம். இவ்விரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்திருந்தாலே புருவம் உயர்ந்திருக்கும். ரஷ்யா உள்ளிட்ட பழைய சோவியத் நாடுகளோடு தொடர்புடைய வெளிநாட்டு வாடிக்கையாளர்களால் வந்த லாபம் அது. 2007 முதல் 2015 வரை அவர்களுடைய கணக்குகள் வழியே ஓடிய தொகை சுமார் 20,000 கோடி யூரோ. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று வங்கியே அமர்த்திய வழக்கறிஞர்களின் விசாரணை பின்னர் சொன்னது.

வங்கியிடமே கேட்டு, அது சொல்லும் பதிலோடு திருப்தி அடைவது அடுத்த தவறு. ரஷ்ய மத்திய வங்கி 2007இலேயே டென்மார்க் மேற்பார்வை அமைப்பை எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வங்கிக்குப் போனது, விளக்கம் வந்தது, விஷயம் அதோடு அடங்கியது. 2013இல் கிளை ஊழியர் ஹோவர்ட் வில்கின்சன் செய்தது மிக எளிய வேலை: பிரிட்டனில் பதிவான ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் அங்கே தாக்கல் செய்த கணக்கை எடுத்துப் பார்த்தார். நிறுவனம் செயல்படாமல் கிடப்பதாக அதில் இருந்தது. அதே நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலோ பணம் புரண்டுகொண்டிருந்தது. இதற்கு ரகசிய உளவு எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவேடு அது.

யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாததும் சேர்ந்துகொண்டது. தலைமையகம் ஒரு நாட்டில், கிளை இன்னொரு நாட்டில் என்பதால், கடமை தங்களுடையதல்ல என்று இரு நாட்டு அமைப்புகளும் பிறகு மாறி மாறிக் கை காட்டின.

நம் ஊரில் தவறு வேறு திசையில் நடக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆபத்து அதிகமுள்ள வாடிக்கையாளரின் கேஒய்சி (அடையாளம், முகவரி போன்ற) விவரங்களை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், நடுத்தரமானால் 8 ஆண்டுக்கு ஒருமுறையும், குறைவானால் 10 ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பித்தால் போதும். ஆனால் ஆய்வுக்கு வருபவர் கோப்பில் எந்தத் தாள் இல்லை என்பதையே தேடினால், கிளை மேலாளர் என்ன செய்வார்? மாதம் ஒரே ஒரு தொகை வந்து போகும் ஓய்வூதியக் கணக்குக்காரரை ஆதார் நகலோடு வரிசையில் நிறுத்துவார். அந்த நேரத்தில் நாலு பெயர்ப்பலகை நிறுவனங்களுக்கு நடுவே பணம் வட்டமடிப்பதைக் கவனிக்க ஆள் இருக்காது. என்னைக் கேட்டால், இது வங்கியின் சோம்பலைவிட ஆய்வு முறையின் குற்றம்.

இன்னொன்று, சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றம் பற்றி வங்கிகள் அரசுக்கு அனுப்பும் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகளை எண்ணிக்கையால் மதிப்பிடுவது. எண்ணிக்கை கேட்டால் வங்கிகள் எண்ணிக்கையைத்தான் தரும். அதைவிட, ஒரு கணக்கின் மீது எச்சரிக்கை எழுந்தும் அறிக்கை அனுப்பாமல் மூடிய விசாரணைக் கோப்புகளில் இருபதை எடுங்கள். மூடியவர் யார், எவ்வளவு நேரத்தில் மூடினார், என்ன காரணம் எழுதினார் என்று பாருங்கள். இருபதிலும் ‘நீண்டகால வாடிக்கையாளர்’ என்ற ஒரே வரி இருந்தால், ஆய்வை அந்த மேசையிலிருந்து தொடங்கலாம்.