கொங்கு நாட்டுக் கரடுகளில் ஒரு பகல் நடை: மலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் கொங்கு நாட்டின் நடுப்பகுதியில், காங்கேயம், தாராபுரம், சென்னிமலை, அரச்சலூர், சங்ககிரி ஆகிய ஊர்களைச் சுற்றி, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களுக்கும் கிளுவை வேலிகளுக்கும் நடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள் திடீரென்று எழுந்து நிற்பதைப் பேருந்தில் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். கோயிலும் படியும் அமைந்தவை மலை என்று பெயர் பெற்றுவிட்டன. மற்றவற்றை நம் பக்கத்தில் கரடு என்று சொல்லி விட்டுவிடுவோம். காலையில் ஏறி உச்சிவெயிலுக்கு முன் இறங்கிவிடக்கூடிய இந்தக் குன்றுகளில் எதை, எந்த மாதத்தில், யாருடன் போவதற்குத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: உச்சியிலிருந்து என்ன தெரியும் என்று விசாரிப்பதற்கு முன், எந்த வழியாக இறங்க வேண்டும் என்று விசாரியுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிறு கரட்டில். தை மாதத்துக் காலை. நானும் என் மைத்துனரும் வடக்குப் பக்கத்துச் சரிவில், கை ஊன்றியும் முழங்கால் ஊன்றியும் அரை மணி நேரத்தில் மேலே போய்விட்டோம். திரும்பியபோதுதான், ஏறும்போது முகத்துக்கு நேரே இருந்த பாறை இப்போது காலுக்குக் கீழே மறைந்துபோய், அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதே தெரியாமல் நின்றோம். வெயில் ஏற ஏறக் குதிகால் சுட்டது. கீழே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை வீசினார். “அங்கெங்கீங் தம்பி எறங்குறீங்க? தெக்கால சுத்தி வாங்க, என்ற ஆடெல்லாம் அப்படித்தான் எறங்கும்” என்றார். தெற்கே சுற்றியபோது, வெள்வேல மரங்களுக்கு இடையில் ஆட்டுப் புழுக்கை கிடந்த ஒற்றையடிப் பாதை ஒன்று அடிவாரம் வரை போயிற்று. அன்றிலிருந்து புதிய கரடு எதற்குப் போனாலும், முதலில் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரிடம் பேசிவிட்டுத்தான் ஏறுகிறேன். ஆடு இறங்காத பக்கத்தில் நாமும் இறங்கக் கூடாது.

பாறையைப் படிக்கத் தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். நம் குன்றுகள் பெரும்பாலும் கிரானைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறைகளால் ஆனவை. மேலிருந்த மண்ணும் கல்லும் நெடுங்காலமாக அரித்துப்போய்ச் சுமை குறைந்ததாலும், பகலில் சூடேறி இரவில் குளிர்வதாலும், இவை வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரிகின்றன. உரிந்த பலகை சில இடங்களில் கீழ்ப்பாறையோடு ஒட்டிக்கொண்டும், சில இடங்களில் அடியில் விரல்கடை இடைவெளி விட்டும் கிடக்கும். கால் வைப்பதற்கு முன் கைத்தடியின் நுனியால் தட்டிப் பாருங்கள். பிடிப்புள்ள பாறை கெட்டியாக ஒலிக்கும். அடி விட்டுப்போன பலகை, விரிசல் விழுந்த பானையைத் தட்டியது போலப் பொக்கென்று கேட்கும். அப்படிக் கேட்டால் சுற்றிப் போக வேண்டும். அடுத்ததாக நிறத்தைக் கவனியுங்கள். சரிவில் மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பட்டைகள் மழைநீர் வழிந்த தடங்கள். அவற்றில் நுண்ணிய பாசி காய்ந்து ஒட்டியிருக்கும். காய்ந்த நாளில் அதன்மேல் நடக்கலாம், ஆனால் ஒரு தூறல் விழுந்தாலும், அதிகாலைப் பனி படிந்திருந்தாலும், அது எண்ணெய் தடவிய கல்லாகிவிடும். வெளிறிய, சொரசொரப்பான பரப்பே காலுக்குப் பிடிமானம் தரும். மூன்றாவது, பாறை உதிர்ந்து குருணை அரிசி போலச் சரிவில் கிடக்கும் பொடிக்கல். ஏறும்போது இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. விழுந்து கையைச் சிராய்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போது இதன்மேல்தான் வழுக்குகிறார்கள்.

படியில்லாத கரட்டில் நான் கடைப்பிடிக்கும் சோதனை எளியது. ஏறும் வழியில் கையை ஊன்றியே ஆக வேண்டிய இடம் ஒன்று வந்தால், அதைத் தாண்டிப் போகாமல், அந்த இடத்திலேயே திரும்பிப் பத்து அடி இறங்கிப் பார்க்க வேண்டும். தயக்கமில்லாமல் இறங்க முடிந்தால் மேலே போகலாம். முடியவில்லை என்றால் அன்றைய நடை அங்கே முடிந்தது. அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களே மொட்டைப் பாறைக்கு உரியவை. பங்குனி பிறந்துவிட்டால், குறிப்பாக ஈரோடு, கரூர்ப் பக்கங்களில், வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கமாகிவிடும். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் கோடை இடிமழை திரளும்; மரமில்லாத குன்றின் உச்சியில் நிற்கிறவரே அந்த இடத்தில் உயரமான பொருள் என்பதால், இடி கேட்ட பிறகு இறங்கத் தொடங்குவது காலம் கடந்த செயல். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, பல்லடம், உடுமலை, தாராபுரம் வரை காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு வீசும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைத் திறந்த பாறையின் விளிம்பில் நின்று சோதிக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது குன்றுகள் கண்ணுக்குப் பசுமையாக இருந்தாலும், நான் மேலே சொன்ன கறுப்புப் பட்டைகள் ஈரமாக இருக்கும். அந்த மாதங்களில் செதுக்கிய படி உள்ள மலைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நேரத் தேர்வில் பலரும் செய்யும் பிழை, வெயில் தாழ்ந்த பிறகு மாலையில் ஏறுவது. பகல் முழுவதும் சூடேறிய பாறை மாலை ஐந்து மணிக்கும் அடுப்புக்கல்லாகவே இருக்கும். இறங்கும் நேரத்துக்கு இருட்டியும் விடும். விடிந்ததும் ஏறத் தொடங்கி, பத்து மணிக்கு அடிவாரத்தில் இருக்கும்படி கணக்கிடுவதே சரி. குன்றின் மேற்குச் சரிவில் காலை நெடுநேரம் நிழல் இருக்கும் என்பதால், இரண்டு வழிகள் இருந்தால் மேற்கு வழியைத் தேர்ந்தெடுங்கள். கோயில் மலைகளில் அடிவாரத்திலேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலுடன் ஏறுகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இனி, யாருக்கு எந்த மலை என்பது. கூட்டத்தில் வேகமாக நடப்பவரை வைத்து மலையைத் தேர்ந்தெடுக்காமல், மெதுவாக நடப்பவரையும் சிறு குழந்தையையும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல்முறை வருகிறவர்களுக்கும் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கும் நாமக்கல் கோட்டைப் பாறை பொருத்தமானது. ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை, செதுக்கிய படிகள், மேலே கோட்டைச் சுவர், அடியில் குடைவரைக் கோயில்கள் என்று ஒரு காலைப்பொழுதுக்குள் நிறைவாகப் பார்த்துவிடலாம். அதற்கு அடுத்த நிலையில் காங்கேயத்தை அடுத்த சிவன்மலையைச் சொல்வேன். படி ஏறி, பக்தர் கனவில் வந்த பொருளை வைத்துப் பூசிக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறவர்கள், காலடியில் இருக்கும் பாறையையும் ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் கிடைக்கும் நெபிலின் சையெனைட் (nepheline syenite) என்ற பாறை வகை எங்கும் காணக்கூடியதல்ல. 1901-இல் நிலவியலாளர் ஹாலண்ட் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு, சிவன்மலையின் பெயர் உலகப் பாறையியல் நூல்களில் இடம்பெற்றது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சென்னிமலையின் 1320 படிகளும் திருச்செங்கோட்டின் ஏறத்தாழ 1200 படிகளும் உடல் வலிமையை அளந்து பார்க்க ஏற்றவை. இரண்டிலும் வண்டிப்பாதை உண்டு என்பதால், வழியில் ஒருவருக்கு முடியாமல் போனாலும் திண்டாட வேண்டியதில்லை. இதற்காகவே, கோவையை அடுத்த வெள்ளியங்கிரிக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் சென்னிமலையை இரண்டு வாரம் இடைவிட்டு மூன்று முறை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். முழங்கால் மறுநாள் காலையிலும் வலித்தால் வெள்ளியங்கிரியைத் தள்ளிப்போடுங்கள். மாசி முதல் வைகாசி வரையுள்ள பருவத்தில் பூண்டியிலிருந்து ஏழு மலை கடந்து போகும் அந்த நடை, வழுக்குப்பாறையும் கைதட்டிச் சுனையும் தாண்டி, ஒரு வழிக்கே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் செங்குத்தாகப் போகிறது. இதயக் கோளாறு உள்ளவர்கள் வழியிலேயே உயிரிழந்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. பக்தியின் பேரில் உடலை மறந்துவிடுகிறவர்களிடம் வீட்டில் இருப்பவர்கள்தான் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வரலாற்றுக்காக நடப்பவர்களுக்குச் சங்ககிரியை விடச் சிறந்த இடம் கொங்கில் இல்லை என்பது என் எண்ணம். மலையைச் சுற்றிச் சுற்றி மேலேறும் மதில்களையும், ஒன்றன் பின் ஒன்றாக வரும் பத்து வாயில்களையும் கடந்து போகும்போது, ஒரு மலைக்கோட்டை எப்படிக் காக்கப்பட்டது என்பது காலுக்கே விளங்கும். தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். நிழல் குறைவு; மேலே குடிநீர் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது; எனவே வயதானவர்களை அழைத்துச் செல்வதென்றால் மூன்றாவது நான்காவது வாயிலோடு திரும்புவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அரச்சலூர் நாகமலையோ உயரத்துக்காகப் போகிற இடமல்ல. அங்கே ஒரு பாறையில், வட்டெழுத்தாக மாறிவரும் தமிழ் பிராமி எழுத்தில், தாள எழுத்துகளைக் கட்டம் கட்டமாகப் பொறித்து, “எழுத்தும் புணருத்தான் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன்” என்று தன் பெயரையும் ஒருவர் வெட்டி வைத்திருக்கிறார். காலைச் சாய்வெயிலில் பார்த்தால்தான் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து வடிவம் தெரியும். உச்சிவெயிலில் வெறும் பாறையாகவே தோன்றும். அதன்மேல் சுண்ணாம்பு பூசியோ தண்ணீர் ஊற்றித் தேய்த்தோ படிக்க முயல வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல குன்றுகள் வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் அவற்றுக்குள் நுழைவது குற்றம். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டக் குரங்கணியில் நடந்த காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் குழுவில் ஈரோடு, திருப்பூரிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 தடங்களை வனத்துறை இணையப் பதிவு முறையில் திறந்துவிட்டது. கோவை, திருப்பூர் மாவட்டத் தடங்களும் அவற்றில் உண்டு. அந்தத் தடங்களில் வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும், தீக்காலத்தில் அவை மூடப்படும். ஊருக்கு அருகில் உள்ள கரடாக இருந்தாலும், எல்லைக்கல்லோ வனத்துறைப் பலகையோ கண்ணில் பட்டால் வனவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவதே முறை.

உயிரினங்களில் நான் பெரிதும் அஞ்சுவது மலைத்தேனீக்கு. செங்குத்துப் பாறையின் அடிப்பக்கத்தில் அரை வட்டமாகத் தொங்கும் கூடுகளைக் கண்டால் அந்த வழியையே விட்டுவிடுங்கள். அருகில் புகை மூட்டுவதும் கல் எறிவதும் உயிருக்கே ஆபத்து. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருவதையும் தவிர்க்க வேண்டும். கலைந்துவிட்டால், முகத்தையும் தலையையும் துண்டால் மூடிக்கொண்டு, நிற்காமல் விலகி ஓட வேண்டும். சுருட்டை விரியன் கல் இடுக்கில் கிடக்கும் என்பதால், பார்க்காத இடத்தில் கையை நுழைக்கக் கூடாது. ஊதியூர் மலைப் பக்கத்தில் சிறுத்தை நடமாட்டம் செய்தியானது பலருக்கு நினைவிருக்கும். மருதமலை அடிவாரத்தில் யானை வருவதும் புதிதல்ல. இத்தகைய இடங்களில் அதிகாலை இருட்டில் தனியே நடக்க வேண்டாம்.

கொண்டுபோகிற பொருள்களில் தண்ணீரைத் தவிர வேறெதிலும் நான் கண்டிப்பு காட்டுவதில்லை. மூன்று மணி நேர நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், மாசிக்குப் பிறகு மூன்று லிட்டர். சுனைநீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்க ஏற்றதல்ல, முகம் கழுவலாம். நிலக்கடலையும் கருப்பட்டியும், உப்புப் போட்ட மோரும் போதும். கொண்டுபோன நெகிழிப் பை திரும்பவும் கீழே வந்தாக வேண்டும்.

புறப்படும் முன், எந்தக் குன்று, எந்தப் பக்கம் ஏறுகிறோம், எத்தனை மணிக்கு அடிவாரத்திலிருந்து தொலைபேசியில் அழைப்போம் என்ற மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். திரும்புவதற்கும் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் உச்சி வராவிட்டாலும், அந்த நேரத்துக்கு இறங்கத் தொடங்கிவிடுங்கள்.